சந்தைக்கு மூன்று நடை

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் மாட்டைக்கூடப் பல்லைப் பிடித்துப் பாராமல் வாங்கப் போனவர்கள் நாங்கள். மாடு என்று இங்கே சொன்னது காரை. நாகபுரியில் குடியேறியிருக்கும் நம்மவர்களில் பலர் இப்பொழுது கார் வாங்கும் யோசனையில் இருக்கிறார்கள். எங்களுக்கு நேர்ந்த வெட்கம் அவர்களுக்கும் நேர வேண்டியதில்லை என்பதால், நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறோம்.

ஆடம்பரத்துக்காக நாங்கள் கார் தேடவில்லை. அப்பா காலமான பிறகு, திருநெல்வேலிப் பக்கத்தில் தனியாக இருந்த அம்மாவை அஜ்னி ரயில்வே குடியிருப்புக்கு அழைத்து வந்தோம். இரண்டு முழங்கால்களும் தேய்ந்துபோன உடம்பு. ஸ்கூட்டரின் பின்னே உட்கார முடியாது. ஆட்டோவில் ஏறக் காலை உயர்த்தவும் முடியாது. வந்த எட்டு மாதத்தில் அம்மா வாசற்படி தாண்டியது வைத்தியத்துக்காக நான்கு முறை. கோயிலுக்கு ஒரு முறையும் இல்லை. ஒரு நாள் மாலை ஜன்னலருகே உட்கார்ந்திருந்த அம்மா, “ஊர்ல இருந்தா திண்ணையிலயாவது உக்காந்து நாலு முகத்தைப் பாத்திருப்பேன்” என்றார். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நாங்கள் பதில் சொல்லியிருப்போம். அன்று இரவே கார் வாங்குவது என்று முடிவாயிற்று.

கையில் இருந்த சேமிப்பு 2,20,000 ரூபாய். கடனாக நான்கு லட்சத்துக்கு மேல் வாங்குவதில்லை என்பது நாங்கள் போட்டுக்கொண்ட எல்லை. இதற்கு மேல் வேண்டியிருந்தால் தன் இரட்டை வடச் சங்கிலியை அடகு வைக்கலாம் என்று அம்மா பெட்டியைத் திறந்து எடுத்து வைத்துவிட்டார். அப்பா போட்ட சங்கிலி அது.

2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதமாகக் குறைந்தது. நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும் 1,200 சி.சி.க்கு மேற்படாத எஞ்சினும் உள்ள பெட்ரோல் கார்களுக்கு, அதற்கு முன் 28 சதவீத வரியும் அதன்மேல் ஒரு சதவீத செஸ்ஸும் இருந்தன. விலை இறங்கிய செய்தியோடு நவராத்திரியும் சேர்ந்துகொண்டது. மராட்டியர்களுக்குத் தசராவும் குடீ பாட்வாவும் வண்டி வாங்கும் நாட்கள். அக்டோபர் 2, விஜயதசமியன்று, நாங்கள் நுழைந்த ஷோரூமில் நிற்க இடமில்லை. மாலையும் தேங்காயுமாகக் கார்கள் வரிசையில் வெளியேறிக்கொண்டிருந்தன.

கழுத்தில் டை கட்டிய ஒருவர் எங்களை உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, “மாதம் எவ்வளவு கட்ட முடியும்?” என்று இந்தியில் கேட்டார். எங்களால் முடிந்த தொகையைச் சொன்னோம். அவர் கணினியைத் தட்டி ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஏழு லட்சத்துப் பத்தாயிரம் என்று அடியில் எழுதியிருந்தது. பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். விலை குறையுமா என்று கேட்க நாக்கு எழவில்லை. ரயில்வே கவுண்டரில் கட்டணம் அச்சடித்தது. அங்கே எவரும் பேரம் பேசுவதில்லை. அச்சடித்த தொகையை நம்பியே பழகிய எங்களுக்கு, அந்தத் தாளும் கட்டண அட்டவணை போலவே தோன்றிற்று. கையெழுத்திட்டு, 11,000 ரூபாய் முன்பணம் செலுத்தி, ரசீதோடு வெளியே வந்தோம்.

வழியில் காட்டன் மார்க்கெட்டில் காய்கறி வாங்கினோம். அங்கே தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த கிழவியிடம், இருபது ரூபாய்க் கொத்துமல்லிக் கட்டைப் பதினைந்துக்குக் கேட்டு நெடுநேரம் வாதாடினோம். கிழவி சலித்துப்போய்ப் பதினைந்துக்கே கொடுத்தாள். வெற்றியோடு வீடு திரும்பினோம்.

இரவு, வீட்டுக் கணக்கு எழுதும் இல்லாள், அந்தத் தாளை நாட்காட்டி ஏட்டின் பின்புறத்தில் வரிவரியாகப் பெயர்த்து எழுதினாள். காரின் விலை 5,60,000. பதிவும் சாலை வரியும் 66,000. இன்ஷூரன்ஸ் 34,000. இவை மூன்றும் சேர்ந்தால் 6,60,000. மீதி ஐம்பதாயிரம் எங்கிருந்து வந்தது? நீட்டித்த உத்தரவாதம் 11,000. ‘அவசியப் பொருள் தொகுப்பு’ என்ற பெயரில் உறை, மிதியடி, அலங்காரப் பட்டை முதலியவை 22,000. மெருகுப் பூச்சு 9,000. கையாளும் செலவு 8,000. இவற்றில் ஒன்றையும் நாங்கள் கேட்கவில்லை. எங்களிடம் ஒருவரும் வேண்டுமா என்று கேட்கவும் இல்லை.

இல்லாள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: “அஞ்சு ரூபாய்க்கு அந்தப் பாட்டியோடு அத்தனை நேரம் நின்றோமே. அம்பதாயிரத்துக்கு ஒரு வார்த்தை கேட்டோமா?”

பதில் சொல்ல முடியவில்லை. சாக்கில் உட்கார்ந்திருப்பவளிடம் வீரமும், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் பயமும் எங்களுக்கு எப்படி வந்தன என்று அன்று முழுதும் தூக்கம் வரவில்லை.

மறுநாளே முன்பதிவை ரத்துச் செய்தோம். மூன்று வாரம் நடந்த பின் ஆயிரம் பிடித்தம் போகப் பத்தாயிரம் திரும்பிற்று. அந்த ஆயிரத்தைப் பள்ளிக்கூடச் சம்பளம் என்று எழுதிக்கொண்டோம். அந்தக் கடையை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. படிக்காமல் கையெழுத்திட்டவர்கள் நாங்கள்தாமே!

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அம்மாதான் எங்களுக்கு வழி காட்டினார். கார் என்றால் நான்கு சக்கரம் என்பதற்கு மேல் ஒன்றும் அறியாதவர். ஆனால் மாடு வாங்கிய வீட்டில் பிறந்தவர். “யய்யா, எங்க அப்பா ஒரு சோடி மாடு வாங்க மேலப்பாளையம் சந்தைக்கு மூணு நடை போவாக. முதல் நடை பாக்க. ரெண்டாம் நடை கேக்க. மூணாம் நடைதான் மடியில பணத்த முடிஞ்சிக்கிட்டுப் போறது. முதல் நடையிலயே பணத்தோட போனா, மாடு ஒன்ன வாங்கிப்புடும்” என்றார்.

தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதை நாங்களும் சிறு வயதில் பார்த்திருக்கிறோம். அதைத் தந்திரம் என்று நினைத்திருந்தோம். தந்திரம் விரலில் இல்லை, வாங்காமல் திரும்பி வரத் தயாராயிருக்கும் காலில் இருக்கிறது என்பது அம்மா சொன்ன பிறகே விளங்கிற்று.

முதல் நடை நவம்பரில். பணமும் இல்லை, காசோலையும் இல்லை. அம்மா மட்டும் உடன் வந்தார். நான்கு ஷோரூம்களில் அம்மாவை ஏற்றி இறக்கிப் பார்த்தோம். விஜயதசமியன்று நாங்கள் கையெழுத்திட்ட அதே காரில் அம்மா உட்கார்ந்தார், எழுந்திருக்க முடியவில்லை. இருக்கை தாழ்ந்தது. இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்கினோம். வண்டியின் நிறத்தைப் பற்றியும் பாட்டுப் பெட்டியைப் பற்றியும் விசாரித்த நாங்கள், யாருக்காக வாங்குகிறோமோ அவர் அதில் உட்கார முடியுமா என்று பார்க்கவில்லை! முன்பதிவை ரத்துச் செய்யாதிருந்தால் ஏழு லட்சம் கொடுத்து, அம்மா ஏற முடியாத ஒரு வாகனத்தை வீட்டு வாசலில் நிறுத்தியிருப்போம். வேறொரு கார், கூரை உயர்ந்தது, இருக்கை நாற்காலி உயரத்தில் இருந்தது. அம்மா பக்கவாட்டில் உட்கார்ந்து, கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு, பிறர் துணையில்லாமல் இறங்கினார். விலையும் ஏறக்குறைய அதே 5,60,000. தேர்வு அத்துடன் முடிந்தது.

இரண்டாம் நடை டிசம்பர் முதல் வாரத்தில். அதே காரை விற்கும் மூன்று கடைகளில், ஒவ்வொரு தொகையும் தனித்தனியாக எழுதிய விலைத்தாள் கேட்டு வாங்கினோம். மாதம் எவ்வளவு கட்டுவீர்கள் என்ற கேள்விக்கு இம்முறை, “முதலில் மொத்த விலை முடியட்டும்” என்று மட்டுமே சொன்னோம். மாதத் தவணையைச் சொல்லிவிட்டால், விலையை எவ்வளவு ஏற்றினாலும் தவணைகளின் எண்ணிக்கையை நீட்டி அந்தத் தொகைக்குள் அடக்கிவிடலாம். வாங்குபவர் கண்ணுக்கு அது தெரியாது.

தாளில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் நேரே விரலை வைத்து, “இதற்கு எந்த ரசீது வரும்?” என்று கேட்டோம். சரக்கு அலுவலகத்தில் எங்கள் பிழைப்பே ரசீதுதானே! காரின் விலைக்கு விற்பனைப் பட்டியல் வரும். வரிக்கு அரசாங்க ரசீது வரும். இன்ஷூரன்ஸுக்குப் பாலிசி வரும். கையாளும் செலவுக்கு? ஒருவர் சிரித்தார், ஒருவர் மேலாளரைக் கேட்க வேண்டும் என்றார், ஒருவர் உடனே அடித்துவிட்டார். ரசீது இல்லாத தொகை பேனாவின் ஒரு கோட்டில் மறைந்துபோவதைக் கண்டோம். அலங்காரத் தொகுப்பும் மெருகும் நீட்டித்த உத்தரவாதமும் நம் விருப்பத்தைப் பொறுத்தவை. வேண்டாம் என்றோம், காரை விற்க மறுத்தவர் ஒருவரும் இல்லை.

இன்ஷூரன்ஸைக் கடையிலேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புதிய காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி வேண்டும். 2018 செப்டம்பர் முதல் இந்த விதி. அதற்கான கட்டணம் அரசு விதித்தது, எந்தக் கம்பெனியிலும் ஒன்றே. வண்டிக்கு நேரும் சேதத்துக்கான பகுதி ஓராண்டுக்கு எடுத்தால் போதும். விலை வேறுபடுவது அதில்தான். நாங்களே இரண்டு கம்பெனிகளில் விசாரித்ததில், அதே பாதுகாப்பு 25,500 ரூபாய்க்குக் கிடைத்தது. அந்தத் தாளைக் காட்டியதும் ஷோரூமும் அதே தொகைக்கு இறங்கி வந்தது.

கடனில்தான் பெரிய பள்ளம் இருந்தது. “ஏழு சதவீதம்தான், உங்கள் வங்கியைவிடக் குறைவு” என்றார் ஒரு கடையில் இருந்த கடன் முகவர். எங்கள் வங்கி கேட்டது ஒன்பது. ஏழு குறைவுதானே என்று பத்தாம் வகுப்புக் கணக்கு சொல்லிற்று. ஆனால் அந்த ஏழு, முழுத் தொகைக்கும் ஐந்தாண்டும் போடும் நிலை வட்டி. நான்கு லட்சத்துக்கு வட்டி மட்டும் 1,40,000. மாதம் 9,000 கட்ட வேண்டும். வங்கியின் ஒன்பது, கட்டக் கட்டக் குறையும் பாக்கிக்குப் போடும் வட்டி. மாதம் 8,303 ரூபாய். அறுபது மாதத்தில் வித்தியாசம் ஏறக்குறைய 41,800. குறையும் பாக்கிக் கணக்கில் பார்த்தால் அவர் சொன்ன ஏழு, உண்மையில் பன்னிரண்டரை. ஆகவே, சதவீதத்தைக் கேட்காதீர்கள். மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்று கேளுங்கள்.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இன்னொரு விஷயமும் உண்டு. ஒரு மாநிலத்தில் பதிந்த காரை வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்வதானால், தடையில்லாச் சான்று வாங்கி அங்கே மறுபதிவு செய்து, அந்த மாநில வரியையும் கட்ட வேண்டும். இங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பப் பெறத் தனியாக அலைய வேண்டும். இதற்கு மாற்றாக 2021-இல் பாரத் வரிசைப் பதிவு வந்தது. மத்திய, மாநில அரசு ஊழியர்களும் பொதுத்துறை ஊழியர்களும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களும் இதைப் பெறலாம். வரியை இரண்டிரண்டு ஆண்டுகளாகக் கட்டலாம். இது தள்ளுபடி அன்று, தவணைதான். கெடு தவறினால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் அபராதம். ஆனால் நாளை மாற்றலாகி எங்கே போனாலும் மறுபதிவு வேண்டியதில்லை. “அதற்கு நாளாகும்” என்று ஷோரூமில் தயங்கினார்கள். எங்களுக்கு அவசரமில்லை என்றோம்.

மூன்றாம் நடைக்கு நாள் குறிப்பதில் வீட்டில் சிறு தகராறு. ஆண்டு முடிவில், டிசம்பர் கடைசி வாரத்தில், பேரம் நன்றாகப் படியும் என்று கேள்விப்பட்டிருந்தோம். அந்த ஆண்டில் செய்த கார், ஜனவரி பிறந்ததும் ‘போன வருஷத்து வண்டி’ ஆகிவிடும். விற்பனையாளருக்கு அந்த மாதத்து இலக்கும் இருக்கும். ஆனால் அது மார்கழி. மார்கழியில் யாராவது வண்டி வாங்குவார்களா? வடக்கத்தியரும் அதைக் கர்மாஸ் என்று சொல்லி நல்ல காரியங்களைத் தள்ளிவைப்பார்கள். கடை வெறிச்சோடிக் கிடப்பதற்கும் விலை இறங்குவதற்கும் அதுவும் ஒரு காரணம். அம்மா சற்று யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: “பேச்சு மார்கழியில இருக்கட்டும். வண்டி தையில வரட்டும்.”

டிசம்பர் 29 அன்று போனோம். விஜயதசமிக் கூட்டம் நின்ற அதே வகைக் கூடத்தில் நாங்கள் மட்டுமே வாடிக்கையாளர்கள். விலை பேசுமுன் வண்டியைப் பார்க்க வேண்டும் என்று யார்டுக்கு நடந்தோம். சரக்கு வாகனங்களின் பக்கத்தில் பதினொரு இலக்க எண் எழுதியிருக்கும். அதில் ஐந்தாவதும் ஆறாவதும் அந்த வாகனம் செய்த ஆண்டைக் குறிக்கும். அந்தப் பழக்கத்தில் காரின் டயரைக் குனிந்து பார்த்தோம். அதிலும் நான்கு இலக்கம் உண்டு: முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. 1025 என்றிருந்தது, 2025-இன் பத்தாவது வாரத்து டயர். காரின் சான்றைக் கேட்டோம். ஏப்ரலில் செய்தது. எட்டு மாதமாக வெயிலிலும் மழையிலும் நிற்கும் வண்டி!

பாட்டரியைச் சோதித்து, வேண்டுமானால் மாற்றித் தர எழுதி வாங்கினோம். பின் விலைக்கு வந்தோம். பத்து, பன்னிரண்டு ஆண்டு நாங்களே ஓட்டப்போகும் வண்டி. செய்த மாதம் எங்களுக்குப் பெரிய நஷ்டம் அன்று, மூன்று நாளில் பழைய வண்டியாகப் போகிறதே என்ற கவலை அவர்களுக்குத்தான். மற்ற இரண்டு கடைகளின் தாள்களையும் மேஜைமேல் வைத்து, ஐம்பதாயிரம் குறைக்கக் கேட்டோம். முப்பது என்றார்கள். எழுந்து வணக்கம் சொன்னோம். நடிப்பு இல்லை, உண்மையிலேயே திரும்பத் தயாராக இருந்தோம். வாசல்வரை வந்தபோது விற்பனைப் பையன் ஓடிவந்தான். நாற்பதாயிரத்தில் முடிந்தது.

காகிதங்கள் தயாராகும் நேரத்தில் அவன் மெல்லச் சொன்னான்: அந்த மாதம் அவனுக்கு இன்னும் இரண்டு வண்டி குறைந்தது, எங்களுடையதோடு ஒன்று. இலக்கு முடியாவிட்டால் ஊக்கத்தொகை இல்லை. தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். அவனும் எங்களைப் போலக் காகிதத்தோடு மல்லாடும் ஒரு குமாஸ்தாதான் என்று அப்பொழுது தெரிந்தது. நாங்கள் குறைத்த நாற்பதாயிரம் அவன் பையிலிருந்து வரவில்லை என்பதை இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டோம். உரத்துப் பேசாமல், அவனை ஏமாற்றுக்காரனாக நடத்தாமல், தாளை மட்டும் வைத்துப் பேசினோமே என்று நிம்மதியாக இருந்தது. பேரம் என்பது சண்டை அன்று.

இல்லாள் போட்ட இறுதிக் கணக்கு இது. விலையில் குறைந்தது 40,000. கேளாமல் சேர்ந்திருந்து கழிந்தது 50,000. இன்ஷூரன்ஸில் 8,500. கடன் வட்டியில் 41,800. ஆக, விஜயதசமியன்று போட்ட கையெழுத்தின் விலை ஒரு லட்சத்து நாற்பதாயிரம். எங்கள் மூன்று மாதச் சம்பளம். சேமிப்புக்குள்ளேயே கைப்பணம் அடங்கிற்று. அம்மாவின் சங்கிலி பெட்டிக்குள் திரும்பிப் போயிற்று. அம்மா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகும்போது மட்டும் ஒரு முறை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

பதிவெண் வந்து சேர்வதற்குள் மார்கழி கழிந்தது. தை பிறந்ததும் அம்மாவை முன்னிருக்கையில் உட்கார வைத்து முருகன் சந்நிதிக்குப் போனோம். திரும்பும் வழியில் காட்டன் மார்க்கெட்டில் வண்டியை நிறுத்தச் சொன்னார். கண்ணாடியை இறக்கி, சாக்கு விரித்திருந்த அதே கிழவியிடம் கொத்துமல்லி விலை கேட்டோம். இருபது என்றாள். வழக்கப்படி வாய் திறக்கப் போனோம்.

“பேசாம குடு யய்யா” என்றார் அம்மா. “அவ கிட்டக் கொறைக்க என்ன இருக்கு?”

இருபது ரூபாயைக் கொடுத்தோம். கிழவி எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு பிடி கறிவேப்பிலையை மேலே வைத்துக் கட்டிக் கொடுத்தாள்.